காசு குடுத்து வாங்கின மின்நூலின்ர பூட்டைக் கழற்றலாமா?

கடற்கரைப்பக்கம் (வெள்ளவத்தை)
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண்ணில குளுக்கோமா. அச்செழுத்து இனி வாசிக்கேலாது, காது மட்டும் நல்லாக் கேக்கும். நான் கன காலமா ஒரு பெரிய இணையக் கடையில தமிழ் மின்நூல்கள் வாங்கிச் சேர்த்து வச்சிருக்கிறன். நாவல், சிறுகதை, பயணக் கட்டுரை, அம்மாவுக்காகவே வாங்கின பக்தி நூல்கள் எண்டு கன வகை. எல்லாம் என்ர வங்கி அட்டையில காசு கழிஞ்சு வாங்கினது.

அந்தக் கடையின்ர செயலி எங்கட போனில தமிழை உரத்து வாசிக்குதில்லை. ஆனா அதே போனில இருக்கிற தமிழ்க் குரல், வேற வாசிப்புச் செயலியில போட்ட ஈபப் எண்ட பொது மின்நூல் வடிவக் கோப்பை நல்லாவே வாசிக்குது. அப்ப வாங்கின நூலை இந்தச் செயலிக்கு மாத்தினாக் காணும். மாத்தப் போனா, பிரதி எடுக்க விடாமக் கோப்பில போட்டிருக்கிற பூட்டு (டிஆர்எம்) மறிக்குது.

கழற்ற வழி இருக்கெண்டு தெரியும். நான் வழி கேக்க வரேல்லை. செய்யலாமா, செய்யக்கூடாதா? எங்கட நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? எழுதினவைக்கு இதால நட்டம் வருமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை மச்சான்
இதுக்கு ஒரு இழையா அக்கா? காசு குடுத்தாச்சு, சாமான் உங்கட. அலுமாரியை வித்துப்போட்டு சாவியைக் கடைக்காரன் தன்ர பொக்கெற்றில வச்சிருந்தா சும்மா விடுவீங்களா? டெலிகிராமில தேடினா பூட்டில்லாமலே கிடக்கு எல்லாம்.

நெறியாளர்
டெலிகிராம் குழுக்களின் இணைப்புப் போட்டால் அழிப்பேன். பூட்டுடைக்கும் மென்பொருளின் இணைப்பும், சாவி எடுக்கும் முறையும் இங்கே வேண்டாம். மற்றபடி தாராளமாகக் கதையுங்கள்.

பம்பலப்பிட்டிப் பொடியன்
பூட்டு எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கினா மிச்சக் கதை லேசு. நீங்கள் தரவிறக்கிற கோப்புக்குள்ள எழுத்து மறையாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கும். அதைத் திறக்கிற சாவி உங்கட கணக்கோடயோ கருவியோடயோ கட்டுப்பட்டது. நீங்கள் பக்கம் புரட்டேக்க செயலி அந்தச் சாவியால திறந்து காட்டுது. அதாவது பூட்டும் உங்கட கையில, சாவியும் உங்கட கையில. சாவி எங்க ஒளிச்சுக் கிடக்கெண்டு சொல்லாமல் விடுறதுதான் முழுப் பாதுகாப்பும். அதாலதான் ஒவ்வொரு பூட்டையும் ஆரோ ஒருத்தர் உடைக்கிறதும், கடைக்காரர் புதுப் பூட்டு மாத்திறதும் நடந்துகொண்டே இருக்கு.

ரெண்டு பெரிய குடும்பம் இருக்கு. ஒண்டு அடோபியின்ர. அதில கடை உங்களுக்கு முதல்ல அனுப்புறது சின்ன ஒரு ஏசிஎஸ்எம் கோப்பு. அது புத்தகம் இல்லை, ரிக்கெற். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் அந்த ரிக்கெற்றைக் காட்டித்தான் புத்தகத்தை எடுக்கும். (2014இல அந்தச் செயலியின்ர நாலாம் பதிப்பு, ஆர் எந்தப் பக்கம் வரை வாசிச்சினம் எண்ட விபரத்தை மறையாக்கம் இல்லாமலே அடோபிக்கு அனுப்பினது பிடிபட்டது. புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டவை வாசகரின்ர விபரத்துக்குப் போடேல்லை.) மற்றது அமேசானின்ர கிண்டில். முந்தி மோபி வழியில வந்தது, பிறகு ஏசட்டபிள்யூ3, இப்ப கேஎஃப்எக்ஸ். முந்திக் கணினிக்குத் தரவிறக்கி யூஎஸ்பியால மாத்திற வசதி இருந்தது. 2025 பெப்ரவரி 26ஓட அமேசான் அதை நிப்பாட்டிப்போட்டுது.

இன்னொண்டு. கலிபர் எண்டாப் பூட்டுடைக்கிற சாமான் எண்டு கன பேர் நினைக்கினம். இல்லை. கலிபர் நூலகத்தை ஒழுங்குபடுத்தும், வடிவம் மாத்தும். பூட்டுப் போட்ட கோப்பைக் குடுத்தா மாத்த ஏலாதெண்டு சொல்லிப்போட்டு நிக்கும்.

மச்சான் சொன்ன "சாமான் உங்கட" எண்டதைக் கடைகள் ஒத்துக்கொள்ளாது. 2009 ஜூலையில அமேசான், உரிமை இல்லாத ஒருவர் ஏத்தி வித்ததெண்டு சொல்லி, ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர நூல்களை ஆக்களின்ர கிண்டிலுக்குள்ள இருந்தே அழிச்சது. காசு திரும்பக் குடுத்ததுதான். ஆனா அமெரிக்காவில ஒரு பள்ளிக்கூடப் பொடியன் அந்த நூலுக்கு எழுதி வச்சிருந்த குறிப்பெல்லாம் நூல் இல்லாமல் பயனத்துப் போச்சு. வழக்குப் போட்டான். 2019இல மைக்ரோசொஃப்ற் தன்ர மின்நூல் கடையை மூடினது. எல்லாருக்கும் காசைத் திருப்பிக் குடுத்துப்போட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போட்டுது.

புதுக்கடை
சட்டம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியை நேரே பார்ப்பது வேறு.

இங்கே பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் இரண்டு இடம் முக்கியம். 12ஆம் பிரிவு, சட்டப்படி கையில் உள்ள பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரு பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு நூலை முழுதாகவோ பெரும்பகுதியையோ ஃபோட்டோகொப்பி அடிப்பதற்கு அந்த அனுமதி இல்லை. படைப்பின் வழமையான விற்பனைக்குக் குறுக்கே போகிற எதற்கும் இல்லை. 23ஆம் பிரிவு, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளைத் தாண்டுவதற்கென்றே அமைந்த கருவிகளை விற்கவோ வாடகைக்கு விடவோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் சட்டவிரோதம் என்கிறது. உரிமை விபரங்களை மின்னணுக் கோப்பிலிருந்து நீக்குவதும் அதே பிரிவுக்குள் வரும்.

ஆக, வீட்டில் இருந்து தன் நூலின் பூட்டைத் தானே கழற்றும் வாசகரை அந்தப் பிரிவு நேராகச் சுட்டவில்லை. அதற்காக "இலங்கையில் சட்டபூர்வமானது" என்று கொடி பிடிக்க வேண்டாம். அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டம், 1201ஆம் பிரிவில், தாண்டும் செயலையே தடுக்கிறது. சொந்தப் பாவனை என்றாலும்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குகளைப் பரிசீலிப்பார்கள், பார்வைக் குறைபாடுள்ளோருக்கான விதிவிலக்கு அதில் இருக்கிறது. இந்தியாவில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டுவதைத்தான் குற்றமாக்குகிறது. நம் தமிழ் நூல்களில் பெரும்பங்கு சென்னையில் இருந்து வருவதால் அதையும் சொல்லி வைத்தேன்.

சட்டத்தை விட உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஆபத்து ஒப்பந்தம். கணக்குத் திறக்கும்போது "ஒத்துக்கொள்கிறேன்" என்று அழுத்தினோமே, அதில் பூட்டைத் தொடக்கூடாது என்று இருக்கும். மீறினால் கணக்கை மூடலாம் என்றும் இருக்கும். எல்லா நூலும் ஒரே கணக்கில் இருந்தால் எல்லாம் போகும்.

கொட்டாஞ்சேனை மச்சான்
ஒப்பந்தத்தை வாசிச்சவன் ஒருத்தன் கொழும்பில இருந்தாக் காட்டுங்கோ, புறக்கோட்டையில கூட்டிக்கொண்டு போய் சர்பத் வாங்கிக் குடுக்கிறன்.

அச்சுக்கோப்பவன்
நான் ஒரு சிறு பதிப்பாளன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் ஒரு தமிழ் நூலை 300 பிரதி அடிக்கவே கையைப் பிசைகிறோம். 2022இல் தாளும் மையும் என்ன விலைக்குப் போனது, மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே தாளில்லாமல் ஒத்திவைத்தார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நூலைக் கொண்டுவந்து, தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீடு வைத்து, வந்தவர்களுக்கு வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பினால், கொஞ்ச நாளில் அது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக எனக்கே வந்து சேர்கிறது. அனுப்பியவர் "அருமையான நூல், கட்டாயம் வாசியுங்கள்" என்று வேறு எழுதியிருக்கிறார். இந்த நிலையில் "பூட்டைக் கழற்றினால் என்ன" என்று கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

பம்பலப்பிட்டிப் பொடியன்
அண்ணை, கோவிக்காமல் ஒண்டு கேக்கிறன். அந்த வாட்ஸ்அப் பிடிஎஃப் எதில இருந்து வந்தது? மின்நூலில இருந்தா, அச்சுப் புத்தகத்தில இருந்தா?

அச்சுக்கோப்பவன்
அச்சுப் புத்தகம். பக்கத்தை அழுத்திப் பிடித்த விரல் கூடத் தெரிகிறது.

பம்பலப்பிட்டிப் பொடியன்
அதுதான். பூட்டு அதில எங்க இருந்தது? தாளுக்குப் பூட்டில்லை. ஒரு போனும் ஒரு பின்னேரமும் இருந்தாக் காணும். பூட்டு மறிக்கிறது இந்த அக்காவின்ர அம்மாவை மட்டும்தான்.

அச்சுக்கோப்பவன்
அரைவாசி சரி. மின்நூலாக மட்டும் வந்த எங்கள் தொகுப்பு ஒன்றும் வெளியே போனது, பூட்டோடு விற்றதுதான். ஆகவே கள்வனைப் பூட்டு மறிக்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பி, எங்கள் பயம் கள்வன் இல்லை. நல்ல மனிதர்கள். ஊர்க்குழு, பழைய மாணவர் குழு, கனடாக் குழு, எல்லாவற்றிலும் ஒரு மாமா இருப்பார். கையில் கோப்பு இருந்தால் அன்போடு அத்தனை பேருக்கும் தட்டிவிடுவார். அவருக்குப் பூட்டுக் கழற்றத் தெரியாது, அதனால்தான் என் மின்நூல்களில் சில இன்னும் விலைப்படுகின்றன. பூட்டு மறிப்பது அவரை.

தெமட்டகொடை வாசகி
மாமா மட்டுமில்லை, எங்கட பக்கம் மாமிமாரும் ஈக்காங்க 😄

நான் இதைக் கொஞ்சம் வேற மாதிரிப் பாக்கிறேன். வாங்கினதும் இரவல் எடுத்ததும் ஒண்ணு இல்லை. மாசக் கட்டணம் கட்டி எடுக்கிற கிண்டில் அன்லிமிடெட் நூல் இரவல். எத்தனை பக்கம் வாசிச்சோமோ அதுக்குத்தான் எழுதினவங்களுக்குக் காசு போகும். லைப்ரரி மின்நூலும் இரவல். அதில பூட்டைக் கழற்றி வச்சுக்கிட்டா அது எழுதினவங்கட ஹக்கை (உரிமையை) எடுக்கிறது, அதுக்கு எந்த நியாயமும் சொல்ல ஏலாது. முழு விலை குடுத்து வாங்கினதைத் தன் வீட்டுக்குள்ளயே இன்னொரு கருவியில வாசிக்கிறது வேற. அங்க எழுதினவங்க காசு ஏற்கனவே போயிட்டு. அக்கா கேட்டது ரெண்டாவது. இந்த இழையில முதலாவதையும் சேர்த்துக் குழப்பிக்கிட்டு ஈக்கோம்.

வெண்பிரம்பு
எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கொழும்பில் ஆசிரியராக இருக்கிறேன். இதையும் திரைவாசிப்பான் வைத்துத்தான் வாசிக்கிறேன், தட்டுகிறேன். அந்த அம்மாவைப் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள்.

டெலிகிராமில் தேடச் சொன்ன தம்பிக்கு முதலில். அங்கே கிடக்கிற தமிழ் பிடிஎஃப்களில் பெரும்பாலானவை தாளைப் படம் பிடித்தவை. எனக்கு அது வெற்றுத்தாள். எழுத்துணரி மென்பொருள் போட்டு எடுக்கலாம், டெசரக்ட் என்ற மென்பொருள் தமிழும் உணரும், ஆனால் பழுப்பேறிய தாளும் சரிந்த பக்கமும் என்றால் வருகிற எழுத்தைத் திருத்தவே ஒரு ஆள் வேண்டும். அடுத்தது பாமினி. இலங்கையில் எத்தனையோ வருடம் பாமினி எழுத்துருவில்தான் நூல் கோத்தார்கள். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு ஆங்கில விசைகள். "அம்மா" என்று உங்களுக்குத் தெரிவதை என் திரைவாசிப்பான் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். பூட்டே இல்லாத பாமினிக் கோப்பும் எனக்குப் பூட்டியதுதான்.

ஆகவே ஒருங்குறியில் (யூனிகோட்) ஒழுங்காகச் செய்த ஈபப்தான் எங்களுக்குப் புத்தகம். அது கடைகளில் விற்கிறது, என் காசுக்கு விற்கிறது, அதன் மேல் பூட்டு. 2009இல் கிண்டில் 2 உரத்து வாசிக்கும் வசதியோடு வந்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம், ஒலிநூல் உரிமை போகிறது என்று ஆட்சேபித்தது. அமேசான் உடனே, விரும்பாத பதிப்பாளர் தன் நூலில் குரலை அணைத்துவிடலாம் என்று விட்டுக்கொடுத்தது. பிரதி எடுப்பதை மறிக்க வந்ததாகச் சொன்ன பூட்டு வாசிப்பதையே மறிக்கலாம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

மராகேஷ் உடன்படிக்கை தெரியுமா? 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பார்வையில்லாதோருக்கும் அச்சு வாசிக்க முடியாதோருக்கும் வாசிக்கக்கூடிய வடிவில் பிரதி செய்ய நாடுகள் சட்டத்தில் இடம் விடவேண்டும் என்பது அதன் சாரம். 7ஆம் உறுப்புரை பூட்டைப் பற்றியே சொல்கிறது: பூட்டுக்குக் கொடுக்கிற சட்டப் பாதுகாப்பு இந்த உரிமைக்கு முட்டுக்கட்டை ஆகக்கூடாது. இந்தியாதான் முதலில் உறுதிப்படுத்திய நாடு, 2014இல். இலங்கை 2016இல் சேர்ந்தது. குளுக்கோமாவில் பார்வை போன அந்த அம்மா இந்த உடன்படிக்கை நினைத்து எழுதப்பட்ட ஆள்தான். மகள் வந்து "செய்யலாமா" என்று கூச்சத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம்.

புதுக்கடை
ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உடன்படிக்கையில் சேர்வது அரசின் கடப்பாடு. நீதிமன்றத்தில் ஒருவர் அதை நேராகக் காட்டித் தப்ப முடியாது, உள்நாட்டுச் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் வாங்கிய ரசீது, மருத்துவ அறிக்கை, ஒரே ஒரு பிரதி, அதுவும் ஒருவரின் போனில். இந்த நான்கும் இருக்கிற இடத்தில் யார் வந்து என்ன நட்டத்தைக் காட்டி வழக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை மச்சான்
ஐயா, படம் பிடிச்ச பிடிஎஃப் உங்களுக்கு வெற்றுத்தாள் எண்டு நான் யோசிச்சதே இல்லை. டெலிகிராம் கதையை விடுவம்.

கடற்கரைப்பக்கம் (வெள்ளவத்தை)
ஐயா, நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "உந்த ஐயா எங்க படிப்பிக்கிறார்" எண்டு கேட்டவ, அவ்வளவுதான். :)

இலவசமா நூலகம் தளத்தில, மதுரைத் திட்டத்தில எடுக்கலாமே எண்டு ஒரு நண்பி தனிமடலில எழுதினவ. மதுரைத் திட்டம் 1998இல தொடங்கினது, கனக்க ஒருங்குறியில இருக்கு, போன் நல்லா வாசிக்குது, திருவாசகம் முழுக்கக் கேட்டு முடிச்சிட்டா. நூலகத்தில எங்கட ஊர் நூல்கள் கிடக்கு, ஆனா ஐயா சொன்ன மாதிரிக் கனக்கப் படப் பிரதி. ஃபிரீதமிழ்ஈபுக்ஸிலயும் எடுத்தனான், அங்க ஈபப்பாவே தரினம். ஆனா அம்மா கேக்கிறது இப்ப எழுதுற ஆக்களை. கண் போனதுக்காகப் பழசை மட்டும் கேளுங்கோ எண்டு சொல்லேலாது தானே.

அச்சுக்கோப்பவன்
வெண்பிரம்பு ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். பாமினி விடயத்தில் நாங்களும் சேர்த்தி.

சில உண்மைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாசகர்கள் எல்லாவற்றையும் கடையின் தலையில் போடுகிறார்கள். அமேசானில் நூல் ஏற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று பதிப்பாளரிடம் கேட்கும் ஒரு பெட்டி உண்டு. "வேண்டும்" என்று அழுத்துபவர் நாங்கள்தான். யோசித்து அழுத்துபவர் குறைவு. இன்னொன்று, அமேசானின் இந்தியக் கடை விற்பனையில் 70 வீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 வீதம். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கவும் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. பெரும்பாலும் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டு போகும். ஆகவே ஒரு வாசகர் வந்து "ஈபப் தாருங்கள்" என்று கேட்டாலும் பல நூலுக்கு என் கை கட்டப்பட்டிருக்கிறது.

பூட்டு இல்லாமல் விற்றால் என்ன நடக்கும் என்பதற்கு டோர் பதிப்பகத்தைச் சொல்வார்கள். 2012இல் தன் எல்லா மின்நூலிலும் பூட்டை எடுத்தது, ஒரு வருடம் கழித்து அதன் பிரித்தானியக் கிளை, திருட்டுப் பிரதி குறிப்பிடும்படி கூடவில்லை என்றது. அது ஆங்கில அறிபுனைச் சந்தை, எங்களோடு ஒப்பிட எனக்குத் தயக்கம். மாமாவுக்கு நான் விரும்புவது வேறு வழி: வாங்கியவரின் பெயரைக் கோப்புக்குள் பதிந்து கொடுப்பது. ஹரி பொட்டர் மின்நூல்களை விற்ற பொட்டர்மோர் கடை 2012இல் அப்படித்தான் தொடங்கியது. தன் பெயர் எழுதின கோப்பைக் குழுவில் தட்டிவிட மாமாவுக்கும் கொஞ்சம் கை கூசும்.

தெமட்டகொடை வாசகி
அப்ப நீங்களே அதைச் செய்யலாமே நானா?

அச்சுக்கோப்பவன்
செய்யப் போகிறேன். செலக்டில் இல்லாத நூல்களுக்கு இப்போதே, மற்றவை 90 நாள் முடிய ஒவ்வொன்றாக வெளியே எடுத்து. சகோதரி, உங்கள் பட்டியலில் எங்கள் நூல் ஏதும் இருந்தால் ரசீதின் படத்தைத் தனிமடலில் போடுங்கள், அம்மாவின் பெயர் பதிந்து ஈபப் அனுப்புகிறேன். காசு வேண்டாம், ஏற்கனவே தந்துவிட்டீர்கள். மற்றப் பதிப்பாளர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் போடாதவர்களும் இருப்பார்கள், ஆனால் கேட்காமல் எங்களுக்கு இப்படி ஒரு தேவை இருப்பதே தெரியாது.

கடற்கரைப்பக்கம் (வெள்ளவத்தை)
போட்டிருக்கிறன், ரெண்டு நூல் உங்கட. சென்னைப் பதிப்பகங்களுக்கு இண்டைக்கே எழுதுறன். ஒரு மாதம் பாப்பன். பதில் வராத நூலை அம்மாவின்ர போனுக்கு மட்டும் நானே மாத்துவன், அந்தப் போனை விட்டு வெளிய போகாது. இதை ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை, அதுதான் இங்கயே எழுதுறன். இரவல் எடுத்த நூல்களைத் தொடமாட்டன், தெமட்டகொடைத் தங்கச்சி சொன்னது சரி.

அச்சுக்கோப்பவன்
பதிப்பாளனாக அதற்கு நான் ஆமென்று சொல்ல முடியாது. சண்டைக்கும் வரமாட்டேன்.

வெண்பிரம்பு ஐயா, கோப்பை எப்படிச் செய்தால் உங்களுக்கு வசதி?

வெண்பிரம்பு
அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல் தலைப்பு என்றே குறியிடுங்கள், அப்போதுதான் தாவிப் போகலாம். அத்தியாய முதலெழுத்தை அலங்காரப் படமாகப் போடாதீர்கள், முதல் சொல் தலையில்லாமல் கேட்கும். அடிக்குறிப்பை வசனத்தின் நடுவில் கொட்டாமல் இணைப்பாக வையுங்கள். நூலின் மொழி தமிழ் என்று கோப்பில் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து தமிழை விழுங்கும். படம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம்.

பம்பலப்பிட்டிப் பொடியன்
அண்ணை, கோப்பை எனக்கும் அனுப்புங்கோ. குறியிடுறதை நான் பாக்கிறன், காசு வேண்டாம். பாமினியில கிடக்கிற பழைய கோப்புகளையும் தாங்கோ, ஒருங்குறிக்கு மாத்திறது பெரிய வேலை இல்லை. பிழை திருத்தத்தான் ஆள் வேணும்.

கொட்டாஞ்சேனை மச்சான்
பிழை பாக்க நான் வாறன். சனிக்கிழமை வேலை இல்லை.

அச்சுக்கோப்பவன்
இரவைக்கு அனுப்புகிறேன். பயண நூலில் படங்கள் நிறைய இருக்கின்றன, விளக்கம் எழுதித் தர யாராவது இருந்தால் சொல்லுங்கள். எழுதியவரிடமே கேட்டுப் பார்க்கிறேன், அவர் ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் எழுதுவார்.